மனோவசியமும் அம்மாவின் தோடும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., வேதியியல்)

என் தேர்வுக் கட்டணத்துக்காகத் தோட்டை அடகு வைக்கப் புறப்பட்ட அம்மா, பேருந்து நிலையத்தில் முன்பின் அறியாத ஒருவனிடம் அதைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வெறுங்காதோடு திரும்பினாள். "கண்ணைப் பார்த்தான். அப்புறம் எனக்கு நெனப்பே இல்லை" என்றாள். ஊரார் "வசியம்" என்றனர். அப்பாவோ ஓயாமல் ஏசினார்.

"அதற்கு ஹிப்னாடிசம் என்று பெயர் அப்பா. அறிவியலே ஒப்புக்கொண்ட விஷயம்" என்று அடித்துச் சொன்னேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவன் நான் ஒருவனே. அப்பா அடங்கினார்.

சொல்லிவிட்ட பிறகுதான் நூலகத்திற்குப் போனேன்!

1951 இல் கோபன்ஹேகன் நகர வங்கி ஒன்றில் ஹார்ட்ரூப் என்பவன் கொள்ளையடிக்கப் புகுந்து இருவரைச் சுட்டுக் கொன்றான். அவனைத் தூண்டியதாக, முன்பு அவனோடு சிறையில் இருந்த நீல்சன் என்பவனுக்கு 1954 இல் ஆயுள் தண்டனை கிடைத்தது. அத்தூண்டுதலில் மனோவசியமும் உண்டு என்பது வழக்கு. 'என் கட்சி வென்றது' என்று மகிழ்ந்தேன்.

ஆனால் அடுத்துப் படித்தது என்னை உலுக்கியது. ஆர்ன், எவன்ஸ் என்னும் இரு உளவியலாளர்கள் 1965 இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். மனோவசியத்துக்கு உட்பட்ட ஆறு பேரிடம், நைட்ரிக் அமிலத்துள் கைவிட்டுக் காசை எடுக்கவும், அதே அமிலத்தை உதவியாளர் முகத்தில் வீசவும் சொன்னார்கள். ஐவர் செய்தனர். (அமிலத்தை வீசும் முன் அவர்கள் அறியாமல் தீங்கற்ற நீர்மமாக மாற்றிவிட்டார்கள்.) அமிலத்தின் ஒரு துளி பட்டாலே விரல் மஞ்சளாவதை நம் ஆய்வுக்கூடத்தில் கண்டவன் நான், மெய் சிலிர்த்தது. ஆனால், வசியத்தில் இருப்பதுபோல் நடித்த வேறு ஆறு பேரும் அவ்வாறே செய்தனர்! காரணம்? படித்தவர் சொல்கிறார், தீங்கு வரவிடமாட்டார் என்ற நம்பிக்கை.

அப்படியானால் குற்றம் செய்விக்க வசியம் எதற்கு? நம்பிக்கை ஒன்றே போதுமே!

அன்றிரவு அம்மாவிடம் மெல்லக் கேட்டேன். எல்லாம் நினைவிருந்தது. "உம் படிப்புக்குக் கண்டம் இருக்குன்னான்யா. தோட்டைக் குடுத்தா பூசை பண்ணித் தர்றேன்னான். உங்கப்பாகிட்ட எப்படிச் சொல்ல?" என்று அழுதாள்.

மறுநாள் அப்பாவிடம், நான் தெரியாமல் பேசியதையும் சேர்த்துச் சொன்னேன். வெகுநேரம் பேசாதிருந்தவர், "எம்மேல அவளுக்கு அம்புட்டுப் பயமா?" என்று மட்டும் கேட்டார். பிறகு ஏசவில்லை.

நண்பர்களே! அந்த ஏமாற்றுக்காரனை அம்மா நம்பினாள்; என்னை அப்பா நம்பினார். இருவருமே சோதித்துப் பார்க்கவில்லை. பட்டம் பெறப்போகும் நம் சொல்லுக்கு நம் வீடுகளில் எத்தகைய வசியம் இருக்கிறது! அறிந்ததை மட்டுமே பேசுவோம்.