ரீல் மாற்றும் நேரம்

மலேசியாவின் கேமரன் மலையில், தானா ராத்தாவிலிருந்து பிரிஞ்சாங், திரிங்காப் தாண்டிக் கம்போங் ராஜாவுக்குப் போகிற சாலையில் கோலா தெர்லா வரும். இன்று அந்த வழியில் போகிறவர்களுக்குக் கண்ணில் படுவது பிளாஸ்டிக் கூரை போட்ட காய்கறித் தோட்டங்கள். எனக்கு அந்த ஊர் என்றால் தேயிலை மலையும் லயத்து வீடுகளும், சம்பளம் போட்ட வாரத்தில் திடலில் இழுத்துக் கட்டுகிற வெள்ளைத் துணியும்தான். சினிமாவைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அந்தத் திடலில் காதில் விழுந்தது.

படக்காரர் வேனில் வருவார். பதினாறு எம்எம் கருவி ஒன்று, கூடவே ஜெனரேட்டர். பாயும் கம்பளியும் தூக்கிக்கொண்டு சனம் இருட்டுவதற்குள் இடம் பிடித்துவிடும். மலையில் மூட்டம் இறங்கினால் கருவியின் வெளிச்சம் துணிவரைக்கும் நீளமாகத் தெரியும். மூட்டம் கூடிவிட்டால் எம்ஜிஆர் முகம் மங்கிப்போய் குரல் மட்டும் வரும். அதற்காக எழுந்து போனவர் யாரும் இல்லை.

கருவி ஒன்றுதான் என்பதால் ரீல் தீர்ந்ததும் படம் நின்றுவிடும். பெரிய ரீலே முக்கால் மணி நேரத்துக்குள் ஓடி முடிந்துவிடும். அப்படியானால் மூன்று மணி நேரப் படத்துக்கு மூன்று தடவையாவது விளக்கைப் போட்டாக வேண்டும். அந்த இடைவெளிகளில்தான் எங்கள் தோட்டத்து விமர்சகர்கள் வாய் திறப்பார்கள். மிச்சத்தை மறுநாள் கொழுந்து எடுக்கும்போது நிரையில் பேசித் தீர்ப்பார்கள்.

‘முள்ளும் மலரும்’ 1978இல் வந்த படம். எங்கள் மலைக்கு அது சற்றுத் தாமதமாகத்தான் ஏறியது. மலைப்பகுதி மின்நிலையத்தில் விஞ்ச் ஓட்டுகிற காளி, அவனை அடக்கப் பார்க்கும் எஞ்சினியர், அந்த எஞ்சினியரை விரும்பும் தங்கை. எங்களுக்கு இதில் விளக்க ஒன்றும் இல்லை, ‘தொரை’யின் அதிகாரத்தை நாங்கள் தினமும் பார்த்தவர்கள். ஆண்கள் எல்லாரும் காளி பக்கம். “வேலைய விட்டுத் தூக்குனவனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்?” என்றார் ஒரு மாமா. “ஒங்க ரோஷத்துக்கு அந்தப் புள்ள ஏன் கஷ்டப்படணும்?” என்று பெண்கள் திருப்பிக் கேட்டார்கள். வாரக் கணக்கில் ஓய்ந்தபாடில்லை.

முடிவில் தங்கையை அனுப்பிவைக்கும் காளி, எஞ்சினியரைத் தனக்கு இன்னும் பிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறான். கூடையை முதுகில் மாட்டிக்கொண்டே எங்கள் அத்தை சொன்னார்: “பொண்ணக் குடுத்தான், ரோஷத்தக் குடுக்கல, பாத்தியா? அங்கதான் படம் இருக்கு.” படத்தின் இயக்குநர் மகேந்திரனைப் பற்றிப் பிற்பாடு எத்தனையோ கட்டுரைகள் படித்திருக்கிறேன். அந்தக் காட்சியை இவ்வளவு சுருக்கமாகப் பிடித்தவர் வேறு யாரையும் நான் பார்க்கவில்லை.

அம்மு சுவாமிநாதன் சென்னையில் 1957இல் பிலிம் சொசைட்டி தொடங்கியதும், 1959இல் சத்யஜித் ராய் தலைமையில் இந்தியா முழுமைக்கும் ஒரு கூட்டமைப்பு உருவானதும் புத்தகத்தில் படித்தவை. அங்கே நடந்ததுதான் எங்கள் திடலிலும் நடந்தது. சேர்ந்து பார்த்தோம், பேசினோம், அடுத்தவர் பேச்சைக் கேட்டோம். பெயர்ப்பலகையும் சந்தாவும்தான் இல்லை.

பிறகு வீடியோ வந்தது, 1996இல் ஆஸ்ட்ரோ செயற்கைக்கோள் தொலைக்காட்சி வந்தது. படம் வீட்டுக்குள் போய்விட்டது.

எங்கள் வாழ்க்கையைச் சொல்லும் படங்கள் அதற்கப்புறம்தான் வந்தன என்பது எனக்கு இன்றும் ஆறாத குறை. ரப்பர் தோட்டத்துப் பெண்ணொருத்தியின் படிப்பு ஆசையைச் சொன்ன தீபக் குமாரன் மேனனின் ‘செம்மண் சாலை’ 2005இல் வந்தது. ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி. எச். டேனியலின் நாவலிலிருந்து பாலா எடுத்த ‘பரதேசி’ 2013இல். தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று காட்டிய சஞ்சய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’ 2015இல் வெளியாகி, மறு ஆண்டே மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமாகத் தேர்வானது. இவற்றை நான் நகரத்தில் பார்த்தேன். பக்கத்து இருக்கைகளில் கொழுந்து எடுத்தவர்கள் யாரும் இல்லை. ‘பரதேசி’யில் கூடை சுமக்கும் விதம் சரியா, கங்காணியின் பேச்சு சரியா என்று தீர்ப்புச் சொல்ல அத்தையும் இல்லை.

ஆனால் அந்தத் தலைமுறையில் சிலர் இன்னும் இந்த மலையில் இருக்கிறார்கள். கேமரன் மலையில் இளைஞர் மன்றமோ கோயில் நிர்வாகமோ நடத்துகிறவர்கள் இதைப் படித்தால், மண்டபத்தில் ஒரு நாள் ‘ஜகாட்’ போடுங்கள். பாதியில் நிறுத்தி விளக்கைப் போட்டு, முதலில் பாட்டிமாரைப் பேசவிடுங்கள். அவர்கள் சொல்வதை ஒருவர் எழுதி வையுங்கள்.