கேஸ் பத்தலை

துப்பாக்கியிலும் கேஸ் இருக்கிறது என்று சொன்னால் எங்கள் ஊரில் யாரும் நம்ப மாட்டார்கள். என் அம்மா இருந்தவரைக்கும், "அதுக்கும் சிலிண்டராடா?" என்று கேட்டுச் சிரிக்கும். வேலூர் மாவட்டத்தில் எங்கள் பக்கம் தெருவுக்கு நாலு பட்டாளத்துக்காரர்கள் உண்டு. சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்தால் பேச்சு பென்ஷனில் ஆரம்பித்து, கேன்டீன் கார்டுக்குப் போய், கடைசியில் எஸ்.எல்.ஆரில் வந்து நிற்கும். நெல், மாடு, கிணறு என்று எதிர்பார்த்து இங்கே வருகிற நகரத்து நண்பர்கள் இந்த ஒரு தடவை பொறுத்துக்கொள்ளுங்கள். கிணறும் வரும்.

நான் 1986-ல் சேர்ந்தேன். வெலிங்டனில், மெட்ராஸ் ரெஜிமென்ட் சென்டரில் பயிற்சி. கையில் கொடுத்தது 7.62 எஸ்.எல்.ஆர். செல்ஃப் லோடிங் ரைஃபிள் என்பதன் சுருக்கம். பெல்ஜியத்து எஃப்.என். கம்பெனி உண்டாக்கிய எஃப்.ஏ.எல். வம்சத்துத் துப்பாக்கி, நம் நாட்டில் இச்சாப்பூர் தொழிற்சாலையில் 1ஏ1 என்ற பெயரில் செய்தார்கள். 1962 சீனப் போரில் நம் ஆட்கள் கையில் பெரும்பாலும் இருந்தது .303. ஒவ்வொரு சூட்டுக்கும் போல்ட்டைக் கையால் இழுத்துத் தள்ள வேண்டும். எஸ்.எல்.ஆரில் அந்த வேலை கிடையாது. மேகசினில் 20 தோட்டா. விசையை ஒரு தடவை இழுத்தால் ஒரு குண்டு போகும், அடுத்த தோட்டாவை அதுவே ஏற்றிக்கொள்ளும். அந்த "அதுவே" எப்படி நடக்கிறது என்பதுதான் இன்றைய கதை.

குழலுக்குள் குண்டைத் தள்ளிக்கொண்டு போவது எரிந்த மருந்தின் காற்று. குழலின் மேல் பக்கத்தில் ஒரு சின்ன ஓட்டை இருக்கிறது. குண்டு அதைத் தாண்டியதும் கொஞ்சம் காற்று அந்த ஓட்டை வழியாக மேலே ஏறி, குழலுக்கு மேலே படுத்திருக்கும் ஒரு பிஸ்டனைப் பின்பக்கமாக அடிக்கும். பிஸ்டன் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் தன் ஸ்பிரிங்கில் திரும்பி வந்துவிடும். தட்டு வாங்கிய கேரியர் பின்னால் ஓடும். பூட்டு திறக்கும், காலித் தோட்டா வலது பக்கம் வெளியே பறக்கும், கட்டைக்குள் இருக்கிற ஸ்பிரிங் அமுங்கும். அந்த ஸ்பிரிங் திருப்பித் தள்ளும்போது மேகசினில் இருந்து அடுத்த தோட்டாவை இழுத்துக்கொண்டு போய் உள்ளே வைத்துப் பூட்டிவிடும். எழுத இவ்வளவு நேரம் ஆகிறது. நடப்பது கண் இமைக்கிற நேரத்துக்குள்.

இப்போது கிணறு வருகிறது. சொட்டுநீர் போட்டவர்களுக்கு பைபாஸ் வால்வு தெரியும். மோட்டார் கொடுக்கிற தண்ணீர் முழுவதையும் லைனுக்குள் விட்டால் டியூப் பிய்த்துக்கொள்ளும். அதனால் ஃபில்டருக்கு முன்னால் ஒரு கிளை எடுத்து, மிச்சத் தண்ணீரைத் திரும்பவும் கிணற்றிலேயே விடுகிறோம். பைபாஸைத் திறந்தால் லைனில் பிரஷர் இறங்கும். மூடினால் ஏறும். எஸ்.எல்.ஆரின் கேஸ் ரெகுலேட்டரும் அச்சு அசல் இதுதான். அந்தக் காற்று பிஸ்டனுக்குப் போகிற இடத்தில் வெளியே விடுவதற்கு இன்னொரு துளை. அந்தத் துளையை மறைக்கவும் திறக்கவும் திருகுகிற மாதிரி ஒரு வளையம். திறந்தால் பிஸ்டனுக்குக் கேஸ் குறையும், மூடினால் கூடும். புதுப் பையன்களுக்கு இது தலைகீழாகத்தான் படும். "திற" என்றால் நிறைய என்று நினைப்பார்கள். எனக்குப் புரிய வைக்க உஸ்தாத் மூன்று நாள் எடுத்துக்கொண்டார். டிரிப் போட்ட பிறகு, என் மச்சான் ஒருத்தருக்கு நான் மூன்று நிமிஷத்தில் புரிய வைத்தேன்.

பட்டாளத்தில் ஆயுதப் பயிற்சி கொடுப்பவரை உஸ்தாத் என்றுதான் கூப்பிட வேண்டும். எங்கள் உஸ்தாத் பாலக்காட்டுப் பக்கத்து ஹவில்தார். பாதி இந்தி, பாதி தமிழ், கோபம் வந்தால் முழு மலையாளம். ஃபயரிங் ரேஞ்சில் மற்றவர்கள் எல்லாரும் டார்கெட்டைப் பார்ப்பார்கள். அவர் மட்டும் எங்களுக்குப் பின்னால் சாய்ந்து நின்று, காலித் தோட்டா எங்கே விழுகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார். விதை தூவுகிறவன் கையைப் பார்க்கிற பெரியவர் மாதிரி. கேஸ் குறைவாக இருந்தால் தோட்டா சோம்பேறித்தனமாகப் பக்கத்திலேயே விழும், இல்லையென்றால் வாயில் சிக்கி நிற்கும், இல்லையென்றால் கேரியர் முழுசாகப் பின்னால் போகாமல் அடுத்த தோட்டாவை எடுக்காமலேயே திரும்பிவிடும். "கேஸ் பத்தலை" என்பார். சரியாக இருந்தால் ரெண்டு மூணு மீட்டர் தள்ளி, ஒன்றுக்கொன்று பக்கத்தில் போய் விழும். அதிகமானால் பிய்த்துக்கொண்டு தூரப் பறக்கும்.

செட்டிங் வைக்கிற முறையும் சொல்லிவிடுகிறேன். முதலில் ரெகுலேட்டரை நன்றாகத் திறந்துவிட வேண்டும். அப்படியே சுட்டால் துப்பாக்கி நிற்கும். நிற்க வேண்டும், அதுதான் ஆரம்பம். அப்புறம் ஒவ்வொரு க்ளிக்காக மூடிக்கொண்டே வந்து சுட வேண்டும். ஒரு இடத்தில் காலித் தோட்டாவைத் தூக்கி எறிந்து அடுத்ததைத் தடங்கல் இல்லாமல் ஏற்றிக்கொள்ள ஆரம்பிக்கும். அதோடு விடக் கூடாது. அதற்கு மேல் இன்னும் ரெண்டு க்ளிக் மூட வேண்டும். அந்த ரெண்டு, கரி அடைவதற்கும் தூசிக்கும் குளிருக்கும் சேர்த்துப் போடுகிற உபரி. களத்து மேட்டில் நெல் அளக்கும்போது மரக்காலுக்கு மேலே கொஞ்சம் கூட்டிப் போடுவோமே, அது மாதிரி.

அப்படியானால் முழுசாகவே மூடிவிட்டால் என்ன, எப்போதும் ஓடுமே என்று எங்கள் பிளட்டூனில் ஒருத்தன் கேட்டான். ஓடும், கொஞ்ச நாள். வேகம் அதிகமானால் உள்ளே சூட்டில் இறுகியிருக்கும் தோட்டாவைக் கொக்கி வெடுக்கென்று இழுக்கும். சில சமயம் தோட்டாவின் விளிம்பு மட்டும் கிழிந்து கையோடு வந்துவிடும், தோட்டா உள்ளேயே தங்கிவிடும். தோளில் உதை கூடும். அடுத்த குண்டுக்குக் குறி பார்த்து நிதானிக்க நேரமாகும். உள்ளே பாகங்கள் ஒன்றோடு ஒன்று மோதி ஆயுசு குறையும். எனக்குத் தெரிந்து இந்த விஷயத்தில் பயந்தவர்கள்தான் அதிகம் மூடினார்கள். சுடத் தெரிந்தவர்கள் துப்பாக்கி என்ன கேட்கிறதோ அதை மட்டும் கொடுத்தார்கள்.

முன்னால் கேஸ் பிளக் என்று ஒரு மூடி இருக்கும். ஒரு தோட்டாவின் முனையால் அதன் குமிழை அமுக்கித் திருப்பினால் கழன்று வரும். பிஸ்டனும் கூடவே வரும். அதில் படிகிற கரியைச் சிந்தித் துணியால் துடைத்து எடுக்க வேண்டும். அந்தப் பிளக்குக்கு இன்னொரு வேலையும் உண்டு. தலைகீழாகப் போட்டால் கேஸ் வழி அடைந்துவிடும். ரைஃபிள் கிரனேட் விடும்போது முழு அழுத்தமும் குழலுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பதற்காக அந்த ஏற்பாடு. துடைத்துவிட்டு அவசரத்தில் மாற்றிப் போட்டவனுக்குத் துப்பாக்கி .303 ஆகிவிடும். ஒவ்வொரு குண்டுக்கும் கையால் இழுக்க வேண்டும். பரேடில் நடந்தால் சிரிப்பு. வேறு இடத்தில் நடந்தால் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

ராஜஸ்தானில் இரண்டு வருஷம் இருந்தோம். அங்கே எண்ணெய் போட்டால் அதிலேயே மணல் ஒட்டிக்கொள்ளும், அதனால் துப்பாக்கியைக் கிட்டத்தட்ட உலர்ந்தபடியே வைத்திருப்போம். அங்கிருந்து ஒரு டிசம்பரில் காஷ்மீருக்கு மாற்றினார்கள். ரயிலில் ஜம்மு, அப்புறம் கான்வாய். மேலே போய்ச் சேர்ந்த மறுநாள், மூக்கில் இருந்து வருகிற மூச்சு மீசையில் உறைகிற குளிரில், எங்கள் கம்பெனி சீனியர் ஜே.சி.ஓ. எல்லா ரைஃபிளும் மறுபடி செட் பண்ணணும் என்றார். பையன்கள் முணுமுணுத்தார்கள். அங்கே வைத்த செட்டிங்தானே, ஒரே துப்பாக்கிதானே என்று. குளிரில் மருந்து கொடுக்கிற அழுத்தமே குறைந்துவிடும், போதாததற்கு எண்ணெய் கெட்டியாகி எல்லாவற்றையும் பிடித்து இழுக்கும். எங்கள் செக்‌ஷனில் பத்து ரைஃபிள். ராஜஸ்தான் செட்டிங்கிலேயே சுட்டுப் பார்த்ததில் மூன்று நின்றன. அதில் ஒன்று என்னுடையது. இரண்டாவது குண்டிலேயே.

மூடினோம். எனக்கு மூன்று க்ளிக். எண்ணெயைத் துடைத்து எடுத்து, மெல்லிய பூச்சு மட்டும் விட்டோம். பங்கருக்குள் புகாரிக்குப் பக்கத்தில் துப்பாக்கியை வைக்காதே என்று சொன்னார் அந்த சாப். சூட்டில் வேர்த்து, வெளியே கொண்டுபோனால் அந்த வேர்வை உள்ளேயே பனிக்கட்டி ஆகிவிடும். துப்பாக்கி குளிரிலேயே, வெளித் திண்டில் தூங்கும். நாங்கள் உள்ளே.

அந்த மாதக் கடைசியில் ஒரு இரவைப் பற்றித் திண்ணையில் கேட்பார்கள். இங்கேயும் சிலர் கேட்டிருக்கிறீர்கள். அதை நான் எழுதப் போவதில்லை. என் பக்கத்தில் படுத்திருந்தவன் திருநெல்வேலிப் பையன். இரண்டு பேர் துப்பாக்கியும் நிற்கவில்லை. அவனுக்கு இப்போது பேரன் பிறந்திருக்கிறான்.

"வீட்டில துப்பாக்கி வெச்சிருக்கீங்களா சார்?" என்று கேட்கிறவர்களுக்கு: இல்லை. அந்த மாதிரி ஆயுதம் 1959 ஆயுதச் சட்டப்படி சாதாரணக் குடிமகன் வைத்துக்கொள்ள முடியாது, வைத்துக்கொள்ளவும் வேண்டாம். கோத்தில் ஒப்படைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். அதன் பட் நம்பர் இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஏ.டி.எம். நம்பர்தான் மறந்துபோகிறது. காட்டுப்பன்றி வந்தால் எல்லாரையும் போல டார்ச்சும் தகரமும்தான்.

இதெல்லாம் இப்போது எழுதக் காரணம் பக்கத்து நிலத்துப் பையன். அக்னிவீரில் தேறியிருக்கிறான். 1600 மீட்டர் ஓட்டத்துக்கு என் வரப்பு ஓரத்துப் பாதையில்தான் ஒரு வருஷம் ஓடினான். முந்தா நாள் வந்து உட்கார்ந்தான். "மாமா, இப்ப இருக்கிற ரைஃபிள் எல்லாம் நிக்கவே நிக்காதாமே, நெட்ல போட்டிருக்கான்" என்றான். நெட்டில் போட்டவன் மைனஸில் படுத்திருக்கிறானா என்று கேட்கலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. போகிற பையன். "எந்தத் துப்பாக்கி கொடுத்தாலும், இடம் மாறினா முதல் நாளே சுட்டுப் பாருடா. யார் செட் பண்ணிக் கொடுத்தாலும் நீ ஒரு தடவை பாரு" என்று மட்டும் சொன்னேன். தலையாட்டினான். அவன் அம்மா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தது. அதற்குத் துப்பாக்கிப் பேச்சில் எந்த அக்கறையும் இல்லை. "அண்ணா, அங்க ரொம்பக் குளிரா இருக்குமா?" என்று ஒரே கேள்வி. கம்பளி எல்லாம் அவங்களே கொடுப்பாங்க தங்கச்சி என்றேன். அதற்கு மேல் அதுவும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. திங்கட்கிழமை ரயில்.

இன்றைக்கு எங்களுக்கு மூன்று ஃபேஸ் கரண்ட் ராத்திரி பதினோரு மணிக்கு மேல்தான். தக்காளியில் கடைசி நாலு வரிசை இரண்டு நாளாக வாடுகிறது. ஃபில்டரைக் கழுவியாயிற்று. பைபாஸை ஒரு சுற்று மூடிப் பார்க்க வேண்டும்.