2,40,000 கிலோமீட்டர் ஓடின மியாட்டா

ஸ்காபரோவில ஒரு மாஸ்டா மியாட்டா விலைக்கு நிக்குது.
1994 மாடல். 1.8 லீட்டர், மனுவல் கியர்.

சுவிட்சைத் தட்டினா ஹெட்லைட் ரெண்டும் கண் முழிச்ச மாதிரி எழும்புது.
மனசு அங்கயே விழுந்திட்டுது.

ஓடின தூரத்தை நினைச்சு எனக்குப் பயமில்லை.
ஒயிலும் டைமிங் பெல்ட்டும் நேரத்துக்கு மாத்தியிருந்தா அந்த எஞ்சின் இன்னும் ஓடும்.

பயம் கறள்தான். ஒன்டாரியோ றோட்டு உப்பு அப்பிடி.
பின் சில்லுக்கு முன்னால, கதவுக்குக் கீழ விரலால அமத்திப் பார்த்தன்.
பெயின்ற் பொருக்காக் கழண்டுது. தகரத்தை வெட்டி ஒட்டவேணும். அதுக்கு நல்ல காசு போகும்.

ஆனா இவ்வளவு பாரம் குறைஞ்ச கார், றோட்டு அப்பிடியே கைக்குத் தெரியிற ஸ்டியரிங், இப்ப எங்க கிடைக்குது?

வச்சிருக்கிற ஆக்கள் சொல்லுங்கோ,
வெட்டி ஒட்டினா எத்தனை பனிக்காலம் தாங்கும்?