எதிர்க்கரை

தீபாவளிக்கு மாமா வீட்டுக்குப் போனபோது வாழைத்தோப்பில் கடைசி வரிசையைக் காணோம். அந்த இடத்தில் சுங்கை மூடா ஓடிக்கொண்டிருந்தது. "நீ படிச்சது இதுதானே மாப்ளே, ஒரு நாலு கல்லு போடச் சொல்லேன்" என்றார்.

படித்தது இதுதான். வீடு கெலுகோரில், பல்கலைக்கழகமும் கெலுகோரில்; பொறியியல் வளாகம் மட்டும் நிபோங் திபாலில். தினமும் பாலம் தாண்டிப் போய், அங்கே மணல் தொட்டியில் ஆற்று வளைவு செய்து பார்த்தோம். வளைவில் மேல்நீர் வெளிக்கரையில் மோதிக் கீழே இறங்குகிறது. அடிநீர் கரையின் காலில் இருக்கும் மணலை வாரி உள்கரைப் பக்கம் கொண்டுபோகிறது. கோப்பையைக் கலக்கினால் தேயிலைத் தூள் ஓரத்துக்குப் போகாமல் நடுவில் கூடுமே, அதே சுழற்சிதான். 1926இல் ஐன்ஸ்டீன் இதை எழுதியிருக்கிறார். (பாட்டி போடும் தே ஓவில் நானும்தான் பார்த்திருக்கிறேன். எழுதத் தோன்றவில்லை.)

இதற்கு மருந்து குரோய்ன்: கரையிலிருந்து ஆற்றுக்குள் நீட்டிப் போடும் கல்வரிசை. தமிழ்நாட்டுக் கடலோரத்தில் தூண்டில் வளைவு என்கிறார்கள். ஒன்று போதாது, வளைவு நெடுக வேண்டும். வேகநீர் நடு ஆற்றுக்குத் தள்ளப்படும். இடைவெளிகளில் நீர் தயங்கி மண் படியும். ஆனால் ஒவ்வொன்றின் நுனியிலும் ஆறு குழி பறிக்கும். முதலில் நிற்பதற்குத்தான் அதிக அடி. தொட்டியில் நான் வைத்த முதல் குரோய்ன் மதியச் சாப்பாட்டுக்குள் சாய்ந்துவிட்டது.

இதெல்லாம் மாமாவிடம் சொன்னேன். ஒன்றை மட்டும் சொல்லவில்லை. தள்ளப்பட்ட நீர் எங்காவது போயாக வேண்டும். சுங்கை மூடா கடலை நெருங்கும் பகுதியில் கெடாவுக்கும் பினாங்குக்கும் எல்லையாக ஓடுகிறது. மாமா கெடா கரை. அவருக்குக் கொஞ்சம் மேலே, பினாங்குக் கரை வளைவுக்குக் குரோய்ன் வரைந்துகொண்டிருந்தது நான்.

மணலைப் பற்றியும் பேசவில்லை. அள்ள அள்ளப் படுகை இறங்கும், கரையின் கால் அந்தரத்தில் நிற்கும். அப்புறம் கல் போட்டும் பிரயோஜனம் குறைவு. மூடாவில் பல வருஷம் அள்ளினார்கள். மாமா அந்த மணல் லொரியை ஓட்டித்தான் என்னைப் படிக்க வைத்தார்.

வேலைக்குத் திரும்பியதும் வரைபடத்தில் ஒவ்வொரு குரோய்னையும் இரண்டு மீட்டர் குறைத்தேன். நீளம் குறைந்தால் இடைவெளியும் குறைய வேண்டும். எண்ணிக்கை கூடியது, செலவும் கூடியது. மேலதிகாரி ஏன் என்று கேட்டார்.

"எதிர்க்கரை அரிச்சிடும், பாஸ்."

பொய்யில்லை. அங்கே யார் இருக்கிறார்கள் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.