கத்தரி நிற்க வேண்டிய இடம்

குழந்தையின்மைப் பிரிவில் பயிற்சிக்குச் சேர்ந்த புதிதில், எனக்குக் கற்றுத்தந்த சீனியர் மேடம் என்னிடம் கேமராவை மட்டும்தான் கொடுத்தார். கர்ப்பப்பைக்குள் பார்க்கும் கருவியான ஹிஸ்டெராஸ்கோப்பின் லென்ஸ் 30 டிகிரி சாய்வானது. லைட் கேபிளை ஒரு பக்கம் திருப்பினால் பார்வை எதிர்ப்பக்கம் போகும். கேமரா மட்டும் நேராகவே நிற்க வேண்டும். இரண்டு கருக்குழாய் வாய்களையும் சிரமமில்லாமல் மானிட்டரில் காட்டத் தெரிந்த பிறகே கத்தரி கைக்கு வந்தது.

கர்ப்பப்பையை இரண்டாகப் பிரிக்கும் தடுப்பு, செப்டம், வெளிறிய நார்போல இருக்கும். நடுவில் வெட்ட வெட்ட இருபுறமும் தானாக விலகும், ரத்தம் அதிகம் வராது. அந்த வெண்மை இளஞ்சிவப்பாக மாறி, சின்ன ரத்தக்குழாய்கள் கசியத் தொடங்கினால் தசைச்சுவர் வந்துவிட்டது என்று அர்த்தம். "போதும்மா, கையை எடு" என்பார் மேடம். கொஞ்சம் மிச்சம் இருந்தால் பரவாயில்லை. சுவரை ஆழமாக வெட்டினால் ஓட்டை விழலாம், பின்னால் கர்ப்பத்தில் அந்த இடம் கிழியவும் கூடும்.

கர்ப்பப்பையை விரிக்க உள்ளே செலுத்தும் சலைனின் கணக்கைச் சிஸ்டர் உரக்கச் சொல்லிக்கொண்டே இருப்பார். உள்ளே போனதற்கும் வெளியே வந்ததற்கும் வித்தியாசம் 2,500 மில்லியைத் தொட்டால், வேலை பாதியில் நின்றாலும் சரி, நிறுத்தியாக வேண்டும்.

உள்ளிருந்து பார்த்தால் இரட்டைக்கொம்புக் கர்ப்பப்பையும் செப்டம் போலவேதான் தெரியும். வெளிப்புற உச்சி குழிந்திருக்கிறதா என்று 3டி ஸ்கேனில் பார்க்காமல் கத்தரியைத் தொடக்கூடாது. மேடம் இதில் சமரசமே செய்ததில்லை, நானும் செய்யமாட்டேன்.

செப்டம் இருந்து, இரண்டு முறை கரு கலைந்து, ஐவிஎஃப்புக்குக் காத்திருந்த ஒரு பெண் கேட்டார்: "இதை எடுத்துட்டா குழந்தை நிக்குமா டாக்டர்?" ஆமாம் என்று சொல்லிவிட என் மனசு துடித்தது. மேடம் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நிக்கும்னு எழுதிக் கொடுக்க முடியாதும்மா. 2021-ல ஒரு ஆய்வு வந்துச்சு. எடுத்தவங்களுக்கும் எடுக்காதவங்களுக்கும் குழந்தை பிறந்ததில பெரிய வித்தியாசம் இல்ல. ஆனா அதுல மொத்தம் 80 பேர்தான், அதை வச்சு முடிவா எதுவும் சொல்லிட முடியாது. உங்களுக்குக் கரு கலைஞ்சிருக்கு, அதனால யோசிக்கலாம்ங்கிறேன். வீட்ல பேசிட்டு வாங்க."

பாலிப், உள்ளறைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஃபைப்ராய்டு என்றால் இவ்வளவு தயக்கம் வராது. செப்டத்துக்கு வரத்தான் வேண்டும். அந்தப் பெண்ணின் ஃபைலில் அன்று அறுவை தேதி எழுதவில்லை. அடுத்த முறை கணவரோடு வரச்சொல்லி மட்டும் குறித்தேன்.