குப்பியும் சரமும் கட்டியும்

தலைமுழுக்கும் ஒரு பொருளாமோ, அதனைக் குறித்துக் கல்லூரி மலரில் எழுதுதலும் தகுமோ என்று தோழியர் சிலர் நகையாடினர். தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் பயில்வோர்க்கு இவ்வையம் எழ வேண்டுவதில்லை. சீவகசிந்தாமணியில் குணமாலையும் சுரமஞ்சரியும் நீராட்டு விழாவிற்கென அமைத்த சுண்ணங்களுள் எது சிறந்தது என்று மாறுபட்டனர். சீவகன் இரண்டையும் வானில் எறிய, வண்டினம் குணமாலையின் சுண்ணத்தையே நாடியது. தோற்ற சுரமஞ்சரியோ நீராடாமலே மீண்டு, ஆடவர் முகத்தை நோக்கேன் எனச் சூள் உரைத்தாள். குளிக்கும் பொடி ஒன்று ஒரு காப்பியத்தின் கதைப்போக்கையே திருப்ப வல்லதாயின், ஷாம்புக் கட்டியைப் பற்றி யான் ஓரிரு பக்கம் வரைதல் குற்றமாகாது.

ஷாம்பு என்னும் சொல்லும் இந்நாட்டினின்று மேல்நாடு சென்று மீண்டதே. அமுக்கிப் பிடித்துவிடுதலைக் குறிக்கும் இந்திச் சொல்லடியாய் அது பிறந்தது. பாட்னாவிற் பிறந்த சேக் தீன் முகமது என்பார் 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்து தேசத்துப் பிரைட்டன் நகரில் நீராவிக் குளிப்பும் உடல்பிடிப்பும் சேர்ந்த நிலையம் ஒன்றை அமைத்து, நான்காம் ஜார்ஜ் மன்னருக்கே ஷாம்பு மருத்துவராய் அமர்ந்தார். உடம்பைப் பிடித்தல் என்னும் பொருள் நாளடைவில் தலையைத் தேய்த்தலாகி, பின்னர்த் தேய்க்கும் பண்டத்திற்கே பெயராயிற்று.

எங்கள் விடுதியில் சனிக்கிழமை மாலைதோறும், மறுநாள் ஆலயஞ் செல்லுதலை முன்னிட்டுக் குளியலறை வாயிலில் நெடிய வரிசை நிற்கும். அவ்வரிசையில் அனைவர் கையிலும் குப்பி இருக்க, சென்ற ஆண்டு சூன் திங்கள் முதல் என் கையில் மட்டும் ஒரு கட்டி இருந்துவருகிறது. குப்பியிலுள்ள ஷாம்புவில் பெரும்பாலும் நூற்றுக்கு 70 முதல் 80 பங்கு வரை நீரே. நீர் உள்ள பண்டத்தில் கிருமி வளருமாதலின், அதனைத் தடுக்கும் மருந்தும் அதனுள் வேண்டும். அந்நீரை ஓர் ஆலையில் நிரப்பி, நெகிழிக் குப்பியில் அடைத்து, வண்டியில் ஏற்றிக் குழாய்நீர் உள்ள குளியலறைக்கே கொணர்வதை எண்ணுந்தோறும் எனக்கு நகை தோன்றும்.

ஆயினும் கட்டி எல்லாம் ஒரு தன்மையன அல்ல. வேதியியல் பயிலும் என் அறைத்தோழி இதனை நன்கு விளக்கினாள். ஒருவகைக் கட்டி, கொழுப்பமிலத்தின் உப்பாகிய சோப்பே. ஏனையது, குப்பி ஷாம்புவில் உள்ள நுரைப்பொருளையே நீரின்றி இறுக்கியது. ஆழ்குழாய்க் கிணற்றின் கடினநீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்புடன் கூடி, கரையாத வெள்ளைக் கசடாகி மயிரிற் படிந்துவிடும். பின்னதற்கு அக்குறை இல்லை. சோப்பு காரத்தன்மை உடையது. தலைத்தோலோ சிறிது புளிப்புத் தன்மையது. இருவகையையும் வாளிநீரில் கரைத்துப் பார்த்தோம். ஒன்றில் திரைந்த பாலைப்போன்று கசடு மிதந்தது, மற்றொன்று தெளிவாய் நுரைத்தது. மென்னீர் உள்ள ஊரார்க்கு எதுவாயினும் ஆகும்.

கட்டியை நனைந்த இடத்தில் வைத்தால் குழைந்து பாழாகும். மூன்று துளையிட்ட சிரட்டையில் யான் அதனை வைத்திருக்கிறேன். அழகிய மரத்தட்டு விற்கிறார்கள். சிரட்டை அதனினும் விரைவில் உலர்கிறது. சீயக்காயும் அரப்பும் இருக்க இஃது எதற்கு என்பார்க்கு, அவற்றை உலர்த்தி அரைத்து வைத்துக்கொள்ள வீடும் வெயிலும் ஓய்வும் வேண்டும், விடுதி மாணவிக்கு அவை இல்லை என்பதே என் விடை.

இனி யான் சொல்லக் கருதியதற்கு வருகிறேன். கட்டியைப் புகழ்வோர் யாவரும் குப்பியையே பழிக்கின்றனர். எங்கள் ஊரில் குப்பி குப்பையாவது அரிது. எண்ணெய் ஊற்றி வைப்பார்கள். உடைந்தால் பழைய இரும்புக் கடைக்காரர் எடைக்கு வாங்கிக்கொள்வார். சாக்கடையை அடைப்பது சிறிய பாக்கெட்டே. பல படலங்களை ஒட்டிச் செய்த அதனைப் பிரித்தெடுத்தல் கட்டுபடியாகாமையின், குப்பை பொறுக்குவோரும் தொடுவதில்லை.

அப்பாக்கெட்டை விற்றே என்னைப் படிக்க வைக்கிறார் என் தந்தையார். ஆறுமுகனேரிக்கு அணித்தான சிற்றூரில் எமக்கு ஒரு பலசரக்குக் கடை உண்டு. முகப்பில் பாக்கெட்டுகள் சரம் சரமாய்த் தொங்கும். உப்பளத்தில் நாட்கூலி பெற்று மீளும் பெண்கள் மாலையில், “அண்ணாச்சி, ரெண்டு ஷாம்பு” என்று கேட்டு வாங்குவார்கள். உப்புக்காற்றில் நின்ற தலையை அன்றன்றே கழுவ வேண்டும் அவர்களுக்கு. கடலூர்ச் சின்னி கிருஷ்ணன் என்பார் இச்சிறு பாக்கெட்டுக்கு வழிகாட்டினார்; அவர் மைந்தர் சி. கே. ரங்கநாதன் 1983 இல் 15,000 ரூபாய் முதலிட்டுத் தொடங்கிய வணிகம் அதனைச் சிற்றூர்தோறும் கொண்டு சேர்த்தது. வெற்றுப் பாக்கெட்டுகளைத் திருப்பிக் கொடுத்தால் புதியது ஒன்று இலவசம் என்னும் ஏற்பாடும் அந்நாளில் இருந்தது. அஃது இன்றும் இருந்திருப்பின் எங்கள் தெருச் சாக்கடை வேறுவிதமாய் இருக்கும்! தமிழ்நாட்டில் 2019 சனவரி முதல் நாள் நெகிழிப்பைகள் விலக்கப்பட்டபின் தந்தையார் பருப்பையும் புளியையும் தாளிலே பொதிந்து கொடுக்கிறார். சரம் மட்டும் தொங்குகிறது.

கணக்கைப் பார்ப்போம். யான் வாங்கும் கட்டி 80 கிராம், விலை ரூ. 240, என் கூந்தலுக்கு 40 முழுக்கு வருகிறது, முழுக்கொன்றுக்கு 6 ரூபாய். இரண்டு ரூபாய்ப் பாக்கெட்டு இரண்டு போதுமானால் 4 ரூபாய். கட்டியே மலிவு என்று துணிந்து கூற எனக்கு நாவெழவில்லை. அதனினும் பெரிய தடை, 240 ரூபாயை ஒரே நாளில் எடுத்து வைத்தல்.

கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஒரு கட்டியை அரிவாள்மணையில் எட்டாக அரிந்து, தாளிற் பொதிந்து, எட்டு வீட்டாருக்கு விலையின்றிக் கொடுத்தேன். துண்டு 10 கிராம், ஐந்து முழுக்குக்காகும், விலையிட்டால் ரூ. 30. தந்தையார் கடைத்திண்ணையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் உரைத்திலர். இருவர் துண்டைக் குழந்தையின் உடம்புக்குத் தேய்த்துத் தீர்த்துவிட்டனர். ஒருவர் மணம் போதாது என்றார். உப்பளத்து அக்காள் ஒருவர் மட்டும் ஐந்து முழுக்கும் கணக்காய் முழுகிவிட்டு வந்து, “பாப்பா, கட்டி நல்லாத்தான் இருக்கு. முப்பது ரூபாயை ஒருநாள் கூலியில் எடுத்துட்டா அன்னைக்கு மீன் வாங்க முடியாதே” என்றார். அவருக்கு மறுமொழி கூற என்னிடம் சொல் இல்லை. தந்தையாரே, “வாரக்கடைசியில் கொடு தாயி, ஏட்டில் எழுதிக்கொள்கிறேன்” என்றார்.

விடுமுறை முடிந்து யான் விடுதி திரும்பினேன். அவ்வக்காளும் அண்டை வீட்டாரும் கூடி ஒரு கட்டியை வருவித்து, தாமே இரண்டாக அறுத்துக்கொண்டனர் என்று தந்தையார் சென்ற கிழமை தொலைபேசியிற் கூறினார். பாதிப்பணம் இன்னும் ஏட்டில் நிற்கிறதாம்.