கை அறிந்ததும் அறியாததும்

உழைக்கும் கரங்களைத் திருச்சபை என்றும் போற்றி வந்துள்ளது. 1955-ஆம் ஆண்டில் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர், மே முதல் நாளைத் தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாளாக நிறுவினார். தம் வீட்டின் பழுதைத் தாமே நீக்கும் ஒவ்வொரு குடும்பத் தலைவரிடமும் அப்புனிதரின் சாயல் சிறிதேனும் உண்டு. ஆயினும், திறமையைப் போலவே அதன் எல்லையை அறிதலும் ஒரு புண்ணியமே. இதனை நான் அயல்நாட்டுச் சமையலறை ஒன்றில் கண்டேன்.

ஜெர்மனியில் நான் மறைப்பணி ஆற்றிய ஆண்டுகளில், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய கத்தோலிக்கக் குடும்பம் ஒன்று எங்கள் பங்கில் இருந்தது. அந்நாட்டு இல்லங்களில் மின்னடுப்பே மிகுதி. சமையல் மேடையை வெட்டி, அதில் கண்ணாடித் தட்டுப் போல அடுப்பைப் பதித்திருப்பர். இவர்கள் வீட்டில் அக்கண்ணாடி விரிசல் கண்டுவிட்டது. விரிசலின் வழியே நீர் இறங்கினால் மின்சாரம் தாக்கும். எனவே அடுப்பை மாற்றியே ஆகவேண்டும்.

வீட்டுத் தலைவர் சொந்த ஊரில் பல்லாண்டு வயரிங் வேலை செய்தவர். அங்கோ, பண்டகசாலையில் பெட்டி அடுக்கும் பணியே அவருக்குக் கிடைத்தது. "நானே மாத்திப்போடுவன், சுவாமி. நான் பாக்காத வயரா?" என்றார். அவர் மனைவியோ வாய் திறவாமல் என்னை நோக்கினார். அக்கணவர் மிச்சப்படுத்த விரும்பியது பணத்தை மட்டுமன்று. தாம் இழந்த தொழிலின் மதிப்பை ஒரு நாளேனும் தம் பிள்ளைகள் காணவேண்டும் என்பதே அவருடைய ஏக்கம். அதனை உணர்ந்தபின் 'வேண்டாம்' என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

"தம்பி, முதலில் குறிப்பேட்டைப் பார்ப்போம்" என்றேன். அவருடைய மகள் அதனைப் படித்துத் தமிழில் சொன்னாள். பழுப்பு, கருப்பு, சாம்பல் ஆகிய மூன்றும் பேஸ் கம்பிகள், நீலம் நியூட்ரல், பச்சையும் மஞ்சளும் கலந்தது எர்த். பேஸ் கம்பிகள் இரண்டிற்கு இடையே 400 வோல்ட் மின்னழுத்தம்! தந்தையார் பேச்சற்று நின்றார். அவர் பழகிய காலத்து வயரிங்கில் சிவப்பு பேஸ், கருப்பு நியூட்ரல். உயிர் பறிக்கும் கம்பியைத் தீங்கற்றதென்று அவருடைய அனுபவமே அவருக்குச் சொல்லியிருக்கும். பழைய ஜெர்மானிய வீடுகள் சிலவற்றில் சிவப்புக் கம்பியே எர்த்தாக இருப்பதும் உண்டு. அறியாதவன் அஞ்சித் தொடமாட்டான்; வேறிடத்தில் நன்கறிந்தவனோ துணிந்து தொடுவான்.

அந்நாட்டுச் சட்டமும் இவ்விணைப்பைப் பதிவுபெற்ற மின்பணி நிறுவனத்தாரே செய்யவேண்டும் என்கிறது. ஆனால் எஞ்சிய வேலை சிறிதன்று. பழைய அடுப்புக்குத் தனிச் சுவிட்ச் இல்லை. கீழேயுள்ள அவனிலிருந்தே அது இயங்கியது. அத்தகைய வீட்டில் புதிய அடுப்பு எதனோடு பொருந்தும் என்பதைக் கண்டறிந்தவர் அவரே. மேடையின் துளையை அளந்து, அகலம் 56, நீளம் 49 சென்டிமீட்டர் என்று குறித்துக்கொண்டார். மின்பணியாளர் வந்து பழைய இணைப்பை அகற்றியதும், அடுப்பைத் தூக்கி எடுத்து, பல்லாண்டு அழுக்கைத் துடைத்து, விளிம்பில் புதிய பட்டையை ஒட்டினார். பின்பு மின்பணியாளர் மின்னோட்டத்தை நிறுத்தி, எவரும் மீண்டும் போடாதபடி தடை செய்து, கருவியால் சோதித்த பின்னரே கம்பியைத் தொட்டார். நம்மவர் அருகில் நின்று விளக்குப் பிடித்தார்; கேள்விகள் கேட்டார்; புதிய நிறங்களைக் கற்றுக்கொண்டார். அன்றிரவு பிட்டு அவித்த மனைவியின் முகத்தில் கவலை இல்லை.

அன்பார்ந்த குடும்பத்தாரே! நம் இல்லங்களிலும் மின்சாதனத்தின் மூடியைத் திறக்குமுன் மெயினை நிறுத்துங்கள். நிறுத்திவிட்டோம் என்று நம்பியிராமல் சோதித்துப் பாருங்கள். ஐயம் எழுந்தால் உரிமம் பெற்றவரை அழையுங்கள். ஞானஸ்நானத்தால் ஒரே உடலின் உறுப்புகளாகியுள்ள நமக்கு, ஓர் உறுப்பு மற்றோர் உறுப்பின் துணையை நாடுவது இழிவன்று. குடும்பத்திற்காக உழைக்கும் கரம் அக்குடும்பத்திற்காகவே பாதுகாக்கப்படவும் வேண்டும்.